முதல் வருடம் எந்தத் தலைமையாசிரியரும் தனியாக நிற்கக் கூடாது

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரும் நேரம் ஒதுக்கிப் படித்தால் மகிழ்வேன்.

போன வாரம் மக்ரிப் பாங்கு சொல்லி முடித்த நேரம், ஒரு போன் வந்தது. என்னோடு பல வருடம் வேலை பார்த்த ஆசிரியை. எனக்கு மகள் வயது. இப்போது பக்கத்து ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பொறுப்புத் தலைமையாசிரியர். எடுத்ததுமே குரல் சரியில்லை என்று தெரிந்தது.

"சார், எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் ஆபீஸ் ரூம்ல உக்காந்துருக்கேன். ஒரு கையெழுத்துப் போடணும். கை நடுங்குது சார்."

"என்ன கையெழுத்தும்மா?"

"நாலாங்கிளாஸ் கட்டடம் ஒழுகுது. மேல பூச்சு ரெண்டு இடத்துல விழுந்துருச்சு. கட்டடம் எல்லாம் நல்ல நிலையில இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். போட்டா, நாளைக்கு ஏதாச்சும் ஆனா நான் பொறுப்பு. போடலைன்னா, ஏன் போடலைன்னு கேப்பாங்க. என்ன சார் செய்ய?"

நான் மூன்று விஷயம் சொன்னேன். முதலில் அந்த அறையைப் பூட்டு. நாளைக் காலையில் பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்று, இடம் இல்லையென்றால் இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வை. இரண்டாவது, நல்ல நிலை என்று எழுதாதே. எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை இடத்தில் பூச்சு விழுந்தது என்று உள்ளது உள்ளபடி எழுதி, போட்டோ வைத்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம், ஊராட்சி ஒன்றியப் பொறியாளருக்கு ஒரு நகல் அனுப்பு. மூன்றாவது, மேலாண்மைக் குழுத் தலைவரைக் கூப்பிட்டு அறையைக் காட்டு. தீர்மான நோட்டில் எழுது. கட்டடத்தின் பலத்தைச் சொல்ல வேண்டியவர் பொறியாளர். நீ பார்த்ததைச் சொல்ல வேண்டியவள். அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "இவ்வளவுதானா சார்? இதை எனக்கு யாருமே சொல்லலையே."

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

அவர் பயந்ததில் தப்பில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் இழந்தோம். அதற்குப் பிறகு கட்டடம் என்றாலே எந்த எச்.எம்.முக்கும் வயிற்றைக் கலக்கும். கலக்கவும் வேண்டும். ஆனால் பயப்படுகிறவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? வகுப்பில் அவரைப் போல் கணக்குச் சொல்லிக்கொடுப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரை ஒரு நாள் காலையில் அந்த நாற்காலியில் உட்கார வைத்து, சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் போய்விட்டோம்.

என் கதையும் அதுதான்.

2011இல் எனக்கு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு. வகுப்பறையில் 27 வருட அனுபவம். எனக்கு முன் இருந்தவர் மே மாதத்தோடு ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அந்த வருடம் ஆசிரியர்கள் பலருக்கு நினைவிருக்கும். சமச்சீர்க் கல்வி வருமா வராதா என்று வழக்கு நடந்து, ஜூன் 1 திறக்க வேண்டிய பள்ளி ஜூன் 15தான் திறந்தது. ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை பெரும்பாலான வகுப்புகளுக்குப் புத்தகமே இல்லை. "புத்தகம் எப்ப சார் வரும்?" என்று தினமும் பெற்றோர் கேட்பார்கள். எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கும் தைரியம் இல்லை. "இந்த வாரம் வந்துரும்" என்று வாராவாரம் சொன்னேன்.

மேஜையில் பதிவேடுகள். ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, அக்விட்டன்ஸ் ரோல், பணிப் பதிவேடுகள், சத்துணவுக் கணக்கு. எதில் எங்கே கையெழுத்து என்பதைப் பியூன் சொல்லித்தான் போட்டேன். எந்தத் தாளைப் பார்த்தாலும் '17 பி' மெமோதான் கண்ணுக்குத் தெரிந்தது. வகுப்பில் 40 பிள்ளைகளைக் கண்ணசைவில் கட்டிப்போட்டவன், ஒரு டெலிபோன் மணிக்குத் தூக்கிவாரிப் போட்டவனாக மாறிவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் பிள்ளை வந்தது.

ஜூலை மாதம். ஓர் அம்மா, கூட 12 வயதுப் பிள்ளை. கடலாடிப் பக்கம் கரிமூட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலை, வேலை இருக்கிற காட்டுக்கெல்லாம் குடும்பம் இடம் மாறும். அஞ்சாங்கிளாஸ் முடித்து, ஆறாங்கிளாஸ் பாதியில் நின்ற பிள்ளை. இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கும் என்றார் அந்த அம்மா.

"டி.சி. இருக்கா?"

"இல்ல சார். அந்தப் பள்ளிக்கூடத்துல கேக்கல."

"டி.சி. இல்லாம சேக்க முடியாதும்மா. வாங்கிட்டு வாங்க."

அந்த அம்மா கரிக் கறை படிந்த கையோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்தப் பிள்ளை வாசலில் நின்று உள்ளே ஒரு தரம் பார்த்தது. பிறகு அவர்கள் வரவே இல்லை.

நான் செய்தது சட்டப்படி தவறு. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்தது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது பிரிவு 4. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது பிரிவு 5. சட்டம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சட்டத்தின் பெயர் எனக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்த ஒருவரைக் கேட்கலாம் என்று தோன்றக்கூட இல்லை. கேட்டால், 'இதுகூடத் தெரியாமலா எச்.எம். ஆனாய்?' என்று நினைப்பார்களே என்ற கூச்சம். டி.சி. கேட்டது எனக்குப் பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பாதுகாப்புக்கு விலை கொடுத்தது அந்தப் பிள்ளை.

மூன்று வருடம் கழித்து, முதுகுளத்தூர் ரோட்டில் பஸ் நின்ற இடத்தில், கரி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைதானா என்று நிச்சயமில்லை. இறங்கிப் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

புதிய தலைமையாசிரியரின் தன்னம்பிக்கை என்று பேசினால், அது என்னவோ மேடைப்பேச்சுப் பயிற்சி போல, கோட்டு சூட்டு போட்டவர்கள் பேசும் விஷயம் போல நினைக்கிறோம். அது வாசலில் நிற்கும் பிள்ளை உள்ளே வருமா, திரும்பிப் போகுமா என்ற விஷயம்.

பயிற்சி கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். பொறுப்பேற்று எட்டு மாதம் கழித்து, மூன்று நாள். திரையில் படங்கள் ஓடின. தலைவருக்கும் மேலாளருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பட்டியல். பறவைக் கூட்டம் பறப்பதைப் போட்டு 'குழுவாகச் செயல்படுவோம்' என்றார்கள். நடத்தியவர் நல்ல மனிதர். ஆனால் அவர் ஒரு நாளும் ஒரு பள்ளியை நடத்தியவர் இல்லை. மேலே ஒருவர் கற்று, அவர் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் வட்டாரத்துக்குச் சொல்லி, எங்களுக்கு வரும்போது, தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பெருக்கிய டீ போல் ஆகியிருந்தது. அந்த மூன்று நாளும் என் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. ஏனென்றால் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் எச்.எம்.மும் பாடம் எடுப்பவர்தான். ஈராசிரியர் பள்ளி என்றால் பாதிப் பள்ளியே பயிற்சிக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

பி.எட். படித்தவர்களுக்கு ஆல்பர்ட் பண்டூரா பெயர் ஞாபகம் இருக்கும். 'என்னால் இது முடியும்' என்ற நம்பிக்கை ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்று 1977இல் எழுதினார். நான்கு ஊற்று சொன்னார். ஒன்று, தானே செய்து பார்த்து ஜெயித்த அனுபவம். இரண்டு, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது. மூன்று, 'உன்னால் முடியும்' என்று அடுத்தவர் சொல்லும் வார்த்தை. நான்கு, அந்த நேரத்து உடம்பும் மனசும் — படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை. நான்கில் வலுவானது முதலாவது என்றார்.

நம் பயிற்சிகள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே செய்கின்றன. வார்த்தை. செய்து பார்க்க இடம் இல்லை, செய்பவரைப் பார்க்க வழி இல்லை. நாலாவதைப் பற்றி நினைப்பவரே இல்லை. கை நடுங்குகிறது என்று ஓர் எச்.எம். யாரிடம் போய்ச் சொல்வார்? அதிகாரியிடமா, தன் கீழ் வேலை பார்க்கும் ஆசிரியரிடமா?

எனக்கு வழி காட்டியது ஒரு பயிற்சி மண்டபம் இல்லை. ஒரு பெரியவர். பக்கத்துக் கிராமத்தில் 14 வருடம் எச்.எம்.மாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டே கேட்டார்: "என்ன சார், புது எச்.எம்.மா?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் ரொக்கப் பதிவேட்டை விரித்து வைத்து உட்கார்ந்தேன். மூன்று ஞாயிறு போதுமானதாக இருந்தது. நான் எழுதுவேன், அவர் பார்ப்பார். தப்பு என்றால் அடித்துச் சிவப்பு மையில் எப்படிச் சுருக்கொப்பம் போடுவது என்பதுவரை சொல்லிக்கொடுத்தார்.

அவர் சொல்லித் தந்ததில் பாதி எந்தக் கையேட்டிலும் இல்லாதது. "பாசி எடுக்கப் போற நாளா பாத்துக் கூட்டம் வச்சா எந்தத் தாய் வருவா? அவங்க விடியுமுன்ன கடலுக்குப் போயிருவாங்க. முதல்ல அவங்கள்ட்ட நாளைக் கேளுங்க, அப்புறம் நோட்டீஸ் எழுதுங்க." நான் மூன்று முறை கூட்டம் போட்டு, ஆள் வராமல், 'இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று முடிவு கட்டியிருந்தேன்! மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெண்கள் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள் என்பது சட்டத்தில் இருக்காது. அதேபோல, பள்ளி திறக்கிற ஜூன் மாதம் மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி. விசைப்படகுக்குப் போகிற வீட்டில் கையில் காசு இருக்காது. அந்த வாரம் பார்த்து நோட்டு வாங்கு, பை வாங்கு என்று நெருக்கினால் பிள்ளை பள்ளிக்கு வராது.

அவர் சொன்னதில் முக்கியமானது ஒன்று: "தெரியாதுன்னு சொல்லப் பழகுங்க சார். 'தெரியல, கேட்டு நாளைக்குச் சொல்றேன்'னு சொல்ற எச்.எம்.மைத்தான் ஊரு நம்பும்."

2014இல் இன்னொரு பையன் டி.சி. இல்லாமல் வந்தான். அன்றே பெயரை எழுதினேன். பழைய பள்ளிக்கு நானே கடிதம் போட்டேன். அவன் ஒன்றும் மாவட்ட முதல் மாணவனாக வரவில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு தடவை தோற்று, மறுபடி எழுதித் தேறினான். இப்போது படகு இன்ஜின் பழுது பார்க்கிறான். கடைத்தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவான். அந்தப் பையனைச் சேர்த்தபோது என் கை நடுங்கவில்லை. மூன்று வருடத்தில் நான் பெரிய வீரனாகிவிடவில்லை. விதி தெரிந்திருந்தது, கேட்க ஆள் இருந்தார்.

இங்கே ஒரு விஷயம். அதட்டலைத் தன்னம்பிக்கை என்று நினைப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில், அதிகம் கத்துகிற எச்.எம். அதிகம் பயப்படுகிறவர். மேலே இருந்து ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்து, கீழே இருப்பவர்களை நெருக்குவார். புதிதாக எதையும் அனுமதிக்க மாட்டார். ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் காட்டப் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப் போனதை அப்துல் கலாம் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். இன்று ஓர் ஆசிரியர் வந்து 'பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகட்டுமா?' என்று கேட்டால் பயந்த எச்.எம். என்ன சொல்வார்? "எதுக்கு சார் வம்பு? போர்டுலயே படம் போட்டுருங்க." ஒரு பள்ளியில் நல்ல ஆசிரியர் இருந்தால் மட்டும் போதாது. அவரைத் தடுக்காத ஒருவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் கற்றலைப் பாதிக்கும் பள்ளிக் காரணங்களில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் பள்ளித் தலைமைக்குத்தான் என்று 2004இல் கென்னத் லீத்வுட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் எழுதியது இதைத்தான்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

சிங்கப்பூரில், தலைமையாசிரியர் ஆகப் போகிறவர்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, பல மாதம் முழுநேரமாகத் தேசியக் கல்விக் கழகத்தில் படிக்க அனுப்புகிறார்கள். 2001 முதல் இது நடக்கிறது. அந்த மாதங்களில் அவருக்குப் பள்ளி வேலை கிடையாது.

நமக்கு அக்கரை இலங்கை. நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வியாபாரத்துக்குப் போய் வந்த நாடு. அங்கே தலைமையாசிரியரை 'அதிபர்' என்பார்கள். அதிபர் சேவை என்று தனியாக ஒரு சேவையே இருக்கிறது. தேர்வு எழுதி அதற்குள் வர வேண்டும். பள்ளியை நடத்துவது பாடம் நடத்துவதிலிருந்து வேறான ஒரு தொழில் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டு விட்டார்கள். மீப்பேயில் கல்வித் தலைமைத்துவத்துக்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1997இல் தலைமையாசிரியர்களுக்கென ஒரு தகுதிப் படிப்பைக் கொண்டுவந்தார்கள். 2009இல் புதிய தலைமையாசிரியர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். 2012இல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். சான்றிதழைக் கட்டாயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் ஏட்டில் குறைவில்லை. டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தில் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் 2012இல் தொடங்கப்பட்டது. அவர்கள் போட்ட பாடத்திட்டத்தில் ஏழு பகுதி. பள்ளி நிர்வாகம் அதில் ஒன்றுதான். தன்னை வளர்த்தல், கற்பித்தலை மாற்றுதல், குழுவைக் கட்டுதல், சமூகத்தோடு கைகோத்தல் எல்லாம் உண்டு. 2019இல் வந்த நிஷ்டா பயிற்சியின் பெயரிலேயே ஆசிரியரோடு பள்ளித் தலைவரும் இருக்கிறார். 2020 தேசியக் கல்விக் கொள்கை, தலைமையாசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. அந்தக் கொள்கையை நம் மாநிலம் ஏற்கவில்லை; 2025 ஆகஸ்டில் நமக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறோம். அந்த விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. யார் கொள்கையாக இருந்தாலும், மணி நேரத்தை எண்ணினால் மட்டும் போதாது. கைபேசியில் வீடியோவை ஓடவிட்டுவிட்டு மார்க் ஷீட் எழுதியவர்கள் எத்தனை பேர் என்று நமக்குள் நமக்குத் தெரியும்.

இன்றைய நிலைமை இன்னும் சிக்கல். பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டுமா என்ற வழக்கு பல வருடம் நடந்து, 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நியாயம் எது என்பது தனிப் பேச்சு. ஆனால் நிரந்தர எச்.எம். இல்லாத பள்ளி எதுவானாலும், அதை ஒரு பொறுப்புத் தலைமையாசிரியர்தான் தாங்குகிறார். சம்பளம் ஆசிரியருக்குரியது, கையெழுத்து எச்.எம்.முக்குரியது. நாளை இன்னொருவர் வரலாம் என்பதால் அவரும் எதையும் தொடங்க மாட்டார். இதற்கு மேல் எமிஸ், களஞ்சியம், காலை உணவு, எண்ணும் எழுத்தும், இணையத்தில் வருகைப் பதிவு. ஒவ்வொன்றும் நல்ல திட்டம்தான். எல்லாம் வந்து சேருகிற மேஜை ஒன்றுதான்.

அதனால் ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில யோசனை சொல்கிறேன். கோடிக்கணக்கில் பணம் கேட்கிற யோசனை எதுவும் இல்லை.

1. பயிற்சி முன்னால் வரட்டும். யார் எப்போது ஓய்வு பெறுவார், அடுத்து யார் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறார் என்பது துறைக்கு முன்பே தெரிந்த கணக்கு. பொறுப்பேற்பதற்கு முந்தைய கோடையில் பத்து நாள் போதும். அதில் ஐந்து நாள் கட்டாயம் பதிவேடு, சட்டம், அவசர நேரம் — கையில் பேனா பிடித்துச் செய்து பார்க்கும் பயிற்சி. டி.சி. இல்லாமல் பிள்ளை வந்தால்? சாப்பாட்டில் புழு கிடந்தால்? ஆசிரியர் பிள்ளையை அடித்துவிட்டதாகப் பெற்றோர் கூட்டமாக வந்தால்? ஒவ்வொன்றையும் நடித்துப் பார்க்கட்டும். அங்கே தப்புச் செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

2. ஒரு வாரம் நிழல் போல. நன்றாக நடக்கும் ஒரு பள்ளியின் எச்.எம்.மோடு காலை வணக்கக் கூட்டத்திலிருந்து கடைசி மணி வரை கூடவே இருக்க வேண்டும். பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று இது. அந்தப் பள்ளி சென்னையில் இருக்கத் தேவையில்லை. நம் திருப்புல்லாணி வட்டாரத்திலேயே, நம்மைப் போன்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியாக இருக்க வேண்டும். அப்போதுதான் 'அவருக்கு முடிகிறது, எனக்கும் முடியும்' என்று தோன்றும்.

3. முதல் வருடம் ஒரு துணை. ஓய்வு பெற்ற நல்ல எச்.எம்.கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு புதிய எச்.எம். மாதம் ஒரு முறை நேரில், மற்ற நாளில் போனில். பெட்ரோல் செலவு கொடுத்தால் போதும். அதுவும் வேண்டாம் என்பவர்கள் பாதிப் பேர்.

4. மாதம் ஒரு வட்டம். குறுவள மையத்தில் புதிய எச்.எம்.கள் எட்டு பத்துப் பேர், அரை நாள். அதிகாரி யாரும் இருக்கக் கூடாது. புள்ளிவிவரம் கேட்கக் கூடாது. ஒவ்வொருவரும் அந்த மாதம் தூக்கம் கெடுத்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கும் அதே பயம்தான் என்று தெரிவதிலேயே பாதிப் பயம் போய்விடும்.

5. பொறுப்பு ஒப்படைக்கும்போது ஊர்க் குறிப்பு. இருப்பில் எத்தனை நாற்காலி என்று எழுதி வாங்குகிறோம். எந்தத் தெருப் பிள்ளைகள் அடிக்கடி நிற்கிறார்கள், யார் உதவுவார்கள், எந்த மாதம் எந்த வீட்டில் கஷ்டம் என்று இரண்டு பக்கம் எழுதி வாங்குவதில்லை. 14 வருட அறிவு ஒரு பிரிவு உபசார விழாவோடு பஸ் ஏறிப் போய்விடுகிறது.

எதிர்ப்பேச்சு வரும் என்று தெரியும்.

'25 வருடம் வேலை பார்த்தவருக்கு எதற்குப் பயிற்சி?' என்பார்கள். 25 வருடம் படகில் வலை இழுத்தவர் நல்ல மீனவர்தான். ஆனால் அவரிடம் சுக்கானைக் கொடுக்கும்போது முதல் சில நாள் பழைய ஓட்டுநர் பக்கத்தில் நிற்பார். அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

'ஓய்வு பெற்றவர்கள் வந்தால் எங்கள் காலத்தில் என்று ஆரம்பித்து உயிரை எடுப்பார்கள்' என்பார்கள். உண்மைதான். நாங்கள் அப்படித்தான். எமிஸ் பற்றிக் கேட்டால் எனக்கே ஒன்றும் தெரியாது. அதனால் எங்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள்: கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், கையெழுத்து அவருடையது, முடிவும் அவருடையது என்று. பெரியவர் என்னிடம் எப்போதும் முதலில் கேட்பது "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றுதான். அதற்குப் பிறகுதான் தன் கருத்தைச் சொல்வார். பல நேரம் சொல்லவே மாட்டார்.

'இதெல்லாம் அரசாணை வந்தால்தானே நடக்கும்?' என்பார்கள். முதல் இரண்டுக்கும் வேண்டும். மூன்றாவதற்கு ஒரு போன் நம்பர் போதும்.

நம் ஊருக்கும் ஒரு வார்த்தை. கீழக்கரையில் பள்ளிக்குக் கொடுக்கும் கைகளுக்குக் குறைவில்லை. வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் பெஞ்ச் வாங்கித் தருகிறார்கள், கழிவறை கட்டித் தருகிறார்கள். நல்லது. அதோடு, புதிதாக ஓர் எச்.எம். வந்தால் முதல் வாரத்திலேயே நாலு பெற்றோர் போய், "டீச்சர், நாங்க இருக்கோம், ஏதும் வேணும்னா சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். குறை கேட்க மட்டுமே ஊர் வரும் என்று பயந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆசிரியை மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் செய்தார். அறையைப் பூட்டியாயிற்று. நாலாம் வகுப்பு மூன்றாம் வகுப்போடு உட்கார்ந்திருக்கிறது. கடிதம் போய்விட்டது. மேலாண்மைக் குழுத் தலைவர் வந்து பார்த்து, "பூட்டுனது சரிதான் டீச்சர், கேட்டா நானும் வந்து சொல்றேன்" என்றாராம்.

"இப்ப கை நடுங்குதாம்மா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் நடுங்குது சார். ஆனா போட்டுட்டேன்."

அது போதும். நடுங்காத கை யாருக்கும் இல்லை.

திருப்புல்லாணி, மண்டபம், கடலாடி வட்டாரங்களில் புதிதாகப் பொறுப்பேற்ற எச்.எம்.கள், பொறுப்பு எச்.எம்.கள் யாராக இருந்தாலும் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததற்குத் தெரிந்தவரைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்களே, நீங்கள் தயார் என்றால் கீழே உங்கள் வட்டாரத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். பட்டியலை நான் சேர்க்கிறேன்.

2011 ஜூலையில் என் மேஜையில் அப்படி ஒரு நம்பர் இருந்திருந்தால், அந்தப் பிள்ளையின் பெயர் என் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்திருக்கும். அதன் பெயரைக்கூட நான் அன்று கேட்கவில்லை.